புளியங்கொட்டை நிறம் வரும்வரை: வீட்டில் கம்போ செய்து பார்த்த மூன்று சனிக்கிழமைகள்

லூசியானாவின் லஃபாயெட்டுக்கு வேலை மாற்றலாகி வந்த முதல் ஜனவரியில், மழையும் குளிருமாக இருந்த ஒரு மதியம், அலுவலகத்துக்கு எதிரே வண்டிகள் நிறுத்தும் திடலில் நின்ற உணவு வண்டியில் ஒரு கிண்ணம் கம்போ வாங்கினேன். காபித்தூள் நிறத்தில், ரசத்தைவிடக் கெட்டியாக, சாம்பாரைவிட நீர்த்து இருந்த ஒரு குழம்பு. நடுவில் ஒரு கரண்டி வெள்ளைச் சோற்றைக் கவிழ்த்திருந்தார்கள். எலும்பிலிருந்து கழன்ற கோழிக்கறி, வட்ட வட்டமாக நறுக்கிய புகையூட்டிய சாசேஜ், மேலே வெங்காயத்தாள். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சாலட். அதைத் தனியாகச் சாப்பிடப் போனேன். வரிசையில் நின்ற ஒருவர், "அதை உள்ளே போடுங்க, அதுதான் இங்கே வழக்கம்" என்றார். போட்டேன். சூடான குழம்பில் குளிர்ந்த உருளைக்கிழங்கு கரைந்து வரும் அந்த வாய், மழை நாளுக்கென்றே செய்தது போல இருந்தது.

காரம் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தென் லூசியானாவின் பிரெஞ்சு வழிச் சமையலான கேஜன் சமையல் என்றாலே மிளகாய்தான் என்று சிப்ஸ் பாக்கெட்டுகள் நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. அந்தக் கிண்ணத்தில் காரம் தொண்டையில் லேசாகத் தெரிந்ததோடு சரி. நாக்கில் நின்றது வேறொன்று. வறுத்த வேர்க்கடலை, காபி, புகை மூன்றும் கலந்த மாதிரி ஒரு ஆழமான சுவை. எந்த மசாலாவிலிருந்து இது வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாரம் போனபோது வண்டியின் ஜன்னலில் கேட்டேவிட்டேன்.

சமைப்பவர் எழுபது வயதை ஒட்டிய அம்மா. மகன் காசு வாங்கிப் போடுகிறார், அம்மா அடுப்பைப் பார்க்கிறார். "மசாலா இல்லை, ஷா. அது மைதாவும் எண்ணெயும்" என்றார். ஷா என்பது 'அன்பே' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் கேஜன் உச்சரிப்பு. இங்கே பெரியவர்கள் யாரையும் அப்படி அழைப்பார்கள். மைதாவையும் எண்ணெயையும் சேர்த்துக் கிளறிக் கிளறி வறுப்பதற்கு ரூ என்று பெயர். பிரெஞ்சுச் சமையலில் அதைப் பெரும்பாலும் வெளிர் நிறத்திலேயே நிறுத்திவிடுவார்கள், குழம்பைக் கெட்டியாக்க மட்டும். தென் லூசியானாவில் அதைக் கருகலுக்கு ஒரு நூலிழை முன்னால் வரை கொண்டுபோகிறார்கள். சுவை அங்கேதான் பிறக்கிறது. "எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டேன். "நிறம் வர்ற வரைக்கும்" என்றார். என் பாட்டியிடம் அல்வாவுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் கிடைத்த பதிலும் இதுதான். அந்தச் சனிக்கிழமையே வீட்டில் முயன்றேன்.

முதல் சனிக்கிழமை

ஒரு கப் வெண்ணெய், ஒரு கப் மைதா. வெண்ணெய் என் முடிவு. நல்ல பொருள் போட்டால் நல்ல ருசி வரும் என்று நினைத்தேன். வாடகை வீட்டில் சுருள் கம்பி மின் அடுப்பு. நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் கிளற ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிடம் நுரைத்தது. பத்தாவது நிமிடம் வெளிர் மஞ்சளாகவே இருந்ததால் சூட்டை இன்னும் கூட்டினேன். பதினாறாவது நிமிடம் திடீரென்று பழுப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அடுப்பை அணைத்தேன். மின் அடுப்பில் அணைப்பதால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. கம்பிச் சுருள் சிவந்தபடியே இருந்தது, சட்டியும் வார்ப்பிரும்பு. சூடு உள்ளேயே தங்கி மிச்சத்தையும் கருக்கிவிட்டது.

அப்போதே கொட்டியிருக்க வேண்டும். ஒரு கப் வெண்ணெய் வீணாகிறதே என்று மனம் வராமல், காய்கறியும் கோழியும் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டேன். கசப்பு கடைசிவரை போகவில்லை. கருகிய ரூவைச் சர்க்கரை போட்டோ தண்ணீர் ஊற்றியோ காப்பாற்ற முடியாது. கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது முடிந்த கதை. மைதா போனால் போகட்டும், கோழியையாவது காப்பாற்றுங்கள்.

வெண்ணெய் ஏன் சரிவரவில்லை என்பது அப்புறம் புரிந்தது. அதிலிருக்கும் பால் திடப்பொருள் சீக்கிரம் கருகிவிடும். வெளிர் ரூவுக்கு வெண்ணெய் நல்லது, சோற்றின் மேல் ஊற்றும் எட்டூஃபே என்ற கெட்டிக் குழம்புக்கு அதைத்தான் பலர் போடுகிறார்கள். அடர் ரூவுக்கு வாசனை இல்லாத சமையல் எண்ணெய், அல்லது பழைய முறைப்படி பன்றிக்கொழுப்பு.

இடையில், அந்த வண்டியின் பலகை

திங்கள் மதியம் மீண்டும் போய் நின்றபோது பலகையில் கம்போ இல்லை. சிவப்பு பீன்ஸும் சோறும் மட்டும். திங்கட்கிழமை என்றால் அதுதான். துணி துவைக்கும் நாளாக இருந்த திங்களில், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய ஹாம் எலும்பைப் போட்டு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டால், துவைத்து முடிக்கும்போது அதுவே வெந்திருக்கும். நியூ ஆர்லியன்ஸில் வேரூன்றிய அந்த வழக்கம் துவைக்கும் இயந்திரம் வந்த பிறகும் போகவில்லை. மற்ற நாட்களில் கறியோடு ஒரே சட்டியில் வேகும் சோறான ஜம்பலாயா, நீள ரொட்டிக்குள் பொரித்த இறால் வைத்த போபாய், பருவம் தொடங்கினால் க்ராஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகை போட்ட எட்டூஃபே.

பலகையின் மேலே 'க்ரியோல், கேஜன் வீட்டுச் சாப்பாடு' என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டபோது மகன் தலையை ஆட்டினார். அவருடைய அப்பா வழி கேஜன், அம்மா வழி க்ரியோல். கேஜன் மக்களின் மூதாதையர் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்த அக்காடியாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள். 1755-இலிருந்து ஆங்கிலேயர்கள் அவர்களைக் கப்பல் கப்பலாக நாடு கடத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1760-களிலிருந்து இந்தச் சதுப்பு நிலங்களுக்கும் புல்வெளிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். அக்கேடியன் என்ற சொல் நாவில் தேய்ந்துதான் கேஜன் ஆனது. க்ரியோல் சமையல் நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுக நகரத்தில் விளைந்தது. பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிகள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைப்பக்குவம், கரீபியத் தீவுகளோடு இருந்த போக்குவரத்து எல்லாம் அதில் இருக்கின்றன. அடுப்பில் தெரியும் எளிய அடையாளம் தக்காளி. நகரத்து ஜம்பலாயா சிவப்பாக இருக்கும். லஃபாயெட் பக்கத்து ஜம்பலாயாவில் தக்காளி சேராது, கறியைச் சட்டியில் நன்றாகப் பிடிக்க வறுப்பதால் வரும் பழுப்புதான் அதன் நிறம். இந்தப் பிரிவு எல்லா வீட்டிலும் இப்படிக் கறாராக இருப்பதில்லை. அந்த வண்டியே அதற்குச் சாட்சி.

முதல் முயற்சி கருகியதைச் சொன்னேன். அந்த அம்மா இரண்டே கேள்வி கேட்டார். "சூட்டைக் கூட்டினியா? நடுவில் போனைப் பார்த்தியா?" முதலாவதற்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை என்றேன். "அப்ப பாதி தேறிட்டே" என்றார்.

இரண்டாம் சனிக்கிழமை

கருகிவிடும் என்ற பயத்தில் இந்த முறை சீக்கிரமே நிறுத்திவிட்டேன். எண்ணெயும் மைதாவும் மிதமான சூட்டில் இருபது நிமிடம். வறுத்த கோதுமை நிறம் வந்ததும் போதும் என்று காய்களைப் போட்டேன். வாசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குழம்பு பசை மாதிரிக் கெட்டியாகிவிட்டது. ரூ எவ்வளவு அடர்ந்த நிறமோ அவ்வளவு குறைவாகத்தான் அது கெட்டியாக்கும். நீண்ட நேரச் சூட்டில் மாவுச்சத்து உடைந்துபோவதுதான் காரணம். வெளிர் ரூவில் அது உடையாமல் இருப்பதால், அதே அளவு தண்ணீருக்கு இரு மடங்கு வேலை செய்துவிட்டது.

அதைவிடப் பெரிய தவறு என் கை. குழம்பு சப்பென்று இருந்ததால் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் போட்டேன். பிறகு இரண்டு தக்காளி. பிறகு, செய்முறையில் பே இலை என்று இருந்ததால், இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்த பிரிஞ்சி இலையில் நான்கு. இரண்டும் ஒரே இலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அருகருகே வைத்துப் பாருங்கள். இந்தியக் கடையில் வாங்கிய இலையில் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும், கிள்ளி முகர்ந்தால் பட்டை வாசம் வரும். அது பட்டை மரத்தின் உறவுதான். இங்கே போடுவது லாரல் இலை. நடுவில் ஒரே நரம்பு, வாசம் வேறு. நான்கு பிரிஞ்சி இலையும் மிளகாய்த்தூளும் சேர்ந்த பிறகு, எங்கள் வீட்டுக் கோழிக்குழம்பின் தூரத்துச் சொந்தம் ஒன்று சட்டியில் இருந்தது. சாப்பிட நன்றாக இருந்தது, முழுவதும் தீர்ந்தது. ஆனால் நான் தேடியது அது இல்லை.

வெண்டைக்காயும் அன்றுதான் போட்டேன். கம்போ என்ற பெயரே வெண்டைக்காயிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அங்கோலாப் பகுதியின் பாந்து மொழிகளில் அதற்கு ஓச்சிங்கோம்போ, கிங்கோம்போ என்ற மாதிரிப் பெயர்கள். பிரெஞ்சு மொழியில் இன்றும் வெண்டைக்காய்க்கு கோம்போ என்றுதான் பெயர். கடல் கடந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் சொல் ஒன்று ஒரு மாநிலத்தின் அடையாள உணவுக்குப் பெயராக நிற்கிறது. அதை அறிந்த பிறகு அந்தக் கிண்ணத்தை என்னால் சும்மா ஒரு சூப் என்று பார்க்க முடியவில்லை.

சரி, வெண்டைக்காய்க்கு வருவோம். நறுக்கி நேராகக் கொதிக்கும் குழம்பில் போட்டேன். வழுவழுப்பு நூல் நூலாகத் தொங்கியது. நம் வீட்டில் வெண்டைக்காயைத் தனியே வதக்கி, பிறகுதான் புளிக்குழம்பில் போடுவோம். இங்கேயும் அதே அறிவுதான் இருக்கிறது. கோடையில் வெண்டைக்காயை எண்ணெய், வெங்காயம், கொஞ்சம் தக்காளியோடு வழுவழுப்பு அடங்கும்வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் வதக்கி, ஃப்ரீசரில் போட்டு வைக்கிறார்கள். தெரிந்த பாடத்தையே வேறு ஊர் என்பதால் மறந்துவிட்டேன்.

மூன்றாம் சனிக்கிழமை

இந்த முறை சரியாக வந்தது. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

ரூவைத் தொடும் முன் எல்லாவற்றையும் நறுக்கி மேசையில் வைத்துவிட்டேன். பெரிய வெங்காயம் இரண்டு, பச்சைக் குடைமிளகாய் ஒன்று, செலரி மூன்று தண்டு. இந்த மூன்றுக்கும் இங்கே புனித மும்மை என்று பெயர். கத்தோலிக்க ஊர் இது. பூண்டைச் சேர்த்தால் அதைப் போப்பாண்டவர் என்பார்கள், அது ஆறு பல். கோழித் தொடை எலும்போடு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆண்டூயி சாசேஜ் 450 கிராம். முந்தின நாளே கோழி முதுகெலும்பும் செலரி நுனிகளும் போட்டு வேகவைத்து வடிகட்டிய எலும்புச் சாறு இரண்டரை லிட்டர்.

ஆண்டூயியைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றி இறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டி அடைத்து, பீக்கான் மரம் போன்றவற்றின் புகையில் நீண்ட நேரம் வைத்துச் செய்வது. கம்போவின் புகைவாசம் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது. பன்றி சாப்பிடாதவர்கள் இங்கேயே வான்கோழியில் செய்த புகைச் சாசேஜ் போடுகிறார்கள், அது தாராளமாகப் போதும். புகையே இல்லாத சாசேஜ் போட்டால் மட்டும் கம்போ வராது.

முதலில் சாசேஜை வட்டமாக நறுக்கி அதே சட்டியில் சிவக்க வறுத்து எடுத்தேன். கோழியையும் தோல் பக்கம் பொன்னிறமாக்கி எடுத்து வைத்தேன். சட்டியின் அடியில் ஒட்டியதில் கருகியது ஏதும் இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்தேன். அது ரூவில் கலந்தால், கறுப்புப் புள்ளி சட்டியிலிருந்து வந்ததா, ரூ கருகியதா என்று தெரியாமல் போகும்.

எண்ணெய் ஒரு கப், மைதா ஒரு கப். தட்டையான முனையுள்ள மரக்கரண்டி. உருண்டை முனைக் கரண்டி சட்டியின் அடியை முழுவதும் தொடாது, தொடாத இடத்தில் மாவு பிடிக்கும். அடுப்பு நடுத்தரத்துக்குக் கீழே. பக்கத்து அடுப்பை அணைத்தே வைத்திருந்தேன். மின் அடுப்பில் சூட்டை உடனே குறைக்க ஒரே வழி சட்டியை அப்படியே தூக்கி அந்தக் குளிர்ந்த அடுப்பில் வைப்பதுதான். வார்ப்பிரும்பு கனம், இரண்டு கைத்துணியும் தயாராக இருக்க வேண்டும். குழந்தைகளை அடுக்களைக்கு வெளியே அனுப்பிவிட்டேன். கொதிக்கும் ரூ தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைப் போல வழிந்துவிடாது.

எட்டாவது நிமிடம் வரை பச்சை மாவு வாசம். பதினைந்தில் அது போய் சோளப்பொரி வாசம் வந்தது. இருபத்தைந்தாவது நிமிடம் வேர்க்கடலையின் வெளித்தோல் நிறம். இங்கேதான் போன வாரம் நிறுத்தினேன். இந்த முறை நிறுத்தவில்லை. முப்பதைத் தாண்டியதும் ஒரு மாற்றம் தெரிந்தது, குழைவாக இருந்த மாவு இளகி நீர்க்க ஆரம்பித்தது. கரண்டி சட்டென்று லேசாக நகர்ந்தது. முப்பத்தெட்டில் பழைய செம்புக் காசு நிறம். இங்கிருந்து ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. சூட்டை இன்னும் ஒரு படி குறைத்தேன். கை வலித்தது, கையை மாற்றிக்கொண்டேன், கிளறுவதை மட்டும் விடவில்லை. வாசம் வேர்க்கடலையிலிருந்து காபி பக்கம் நகர்ந்தது.

செய்முறைகளில் பால் சாக்லேட் நிறம், கறுப்புச் சாக்லேட் நிறம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உதவவில்லை, எத்தனையோ நிறத்தில் சாக்லேட் இருக்கிறது. நாற்பத்தேழாவது நிமிடம் சட்டியில் நான் பார்த்தது, சின்ன வயதில் பல்லாங்குழி ஆடிய புளியங்கொட்டையின் நிறம். கருஞ்சிவப்பும் பழுப்பும் சேர்ந்து பளபளவென்று. அந்தப் பெயர் மனதில் வந்ததும் பயம் போய்விட்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு பதம் கிடைத்துவிட்டது.

உடனே வெங்காயம் முழுவதையும் கொட்டினேன். பெரிய சீறல், ஆவி, முகத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தில் இருக்கும் நீர்தான் ரூவின் சூட்டைத் தணித்து, மேற்கொண்டு கருகாமல் காக்கிறது. நறுக்கி வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். வெங்காயம் வதங்கும்போது நிறம் இன்னும் ஒரு சாயல் அடர்ந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் குடைமிளகாயும் செலரியும், கடைசியில் பூண்டு.

எலும்புச் சாற்றை ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக ஊற்றிக் கலக்கினேன். முதலில் திரிந்த மாதிரித் தெரியும், பயப்பட வேண்டாம், ஊற்ற ஊற்றச் சேர்ந்துவிடும். சாசேஜும் கோழியும் உள்ளே. லாரல் இலை மூன்று, தைம் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, கயேன் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. உப்பை இப்போது போடவில்லை. சாசேஜின் உப்பு குழம்பில் இறங்க நேரம் ஆகும், அரை மணி நேரம் கழித்து ருசி பார்த்துப் போட்டேன். மிளகாய்த்தூள் டப்பாவின் பக்கம் கை இரண்டு தடவை போனது. டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் மெல்லிய கொதி. மேலே மிதந்து வந்த எண்ணெயை அவ்வப்போது கரண்டியால் வழித்து எடுத்தேன், முக்கால் கப் தேறியது. இதை எடுக்காமல் விட்டால் வாய் முழுவதும் எண்ணெய்ப் படலம் நிற்கும். அணைக்கும் முன் வெங்காயத்தாளும் பார்ஸ்லியும்.

வெண்டைக்காய் இந்த முறை இல்லை. பதிலாக ஃபீலே. சசாஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடி, சாக்டா பழங்குடி மக்கள் இந்த மண்ணுக்குத் தந்தது. மண்வாசமும் இலைவாசமும் சேர்ந்தது மாதிரி இருக்கும், குழம்பைக் கெட்டியாக்கவும் செய்யும். கொதிக்கும் சட்டியில் போட்டால் கயிறு மாதிரி இழுபடும், அதனால் மேசையில் அவரவர் கிண்ணத்தில் கால் தேக்கரண்டி தூவிக்கொள்வதுதான் முறை. வெண்டைக்காய் போட்டால் ஃபீலே வேண்டாம் என்பது பலரின் கணக்கு. கோடையில் வெண்டை, குளிர்காலத்தில் ஃபீலே.

சோறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாஸ்மதி வேண்டாம். அதன் வாசம் கம்போவின் குறுக்கே நிற்கிறது. லூசியானா நெல் விளையும் மாநிலம், இங்கிருந்து மேற்கே போனால் சாலையின் இருபுறமும் வயல்தான். அறுவடைக்குப் பிறகு அதே வயலில் தண்ணீர் தேக்கி க்ராஃபிஷ் வளர்க்கிறார்கள். வாசனையில்லாத உள்ளூர் வெள்ளை அரிசியே சரி. நம் பொன்னி அரிசியும் பொருந்தும், இரண்டாம் தடவை அதைத்தான் வடித்தேன்.

அன்று இரவு நன்றாக இருந்தது. மறுநாள் மதியம்தான் அந்த வண்டியின் சுவை வந்தது. மீன்குழம்பை மறுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

திங்கட்கிழமை ஒரு ஜாடியில் ஊற்றி எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றேன். அந்த அம்மா மூடியைத் திறந்து முதலில் நிறத்தைப் பார்த்தார், பிறகு முகர்ந்தார், பிறகு ஒரு கரண்டி சூடுபண்ணிச் சாப்பிட்டார். மகனையும் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"ரூ சரியா வந்திருக்கு, ஷா. கோழிதான் நார் நாராப் போயிடுச்சு. நாற்பது நிமிஷத்தில் வெளியே எடுத்துடு, எலும்பை எடுத்துட்டு, அணைக்கப் போறப்ப திரும்பப் போடு."

சிவப்பு பீன்ஸ் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்து, அலுவலக மேசையில் இருந்த குறிப்பேட்டில் மூன்றாம் சனிக்கிழமைக்குக் கீழே எழுதி வைத்தேன்: கோழி, 40 நிமிடம்.